குதிரை வயிற்றுக்கு ஒரு பாடவேளை

நாமக்கல் மாவட்டத்துப் புதுச்சத்திரம் பக்கம் கடலைக்காட்டில் களை எடுக்கிறவரைக் கண்ணாடி விரியன் தீண்டிவிட்டால், அவர் உயிரைப் பிடித்து நிறுத்துவது ஒரு குதிரை. அரசு மருத்துவமனையில் அவருக்கு ஏற்றும் விஷமுறிவு மருந்து குதிரை ரத்தத்திலிருந்து எடுத்தது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் துளித்துளியாக, அளவைக் கூட்டிக்கொண்டே போய்க் குதிரைக்கு ஊசி போடுவார்கள். அதன் உடல் எதிர்ப்புப் புரதங்களை உண்டாக்கும். பிறகு ரத்தம் எடுத்து, தெளிநீரைப் பிரித்துக்கொண்டு, சிவப்பணுக்களைக் குதிரைக்கே திருப்பி ஏற்றிவிடுவார்கள். இந்த வேலைக்குக் குதிரையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளிமையானது: பெரிய உடம்பு, நிறைய ரத்தம், பழக்கினால் அடங்கி நிற்கும் குணம்.

ஆக, குதிரை இல்லாத ஊர் என்று இந்த வட்டாரத்தைச் சொல்லிவிட முடியாது. கண்ணுக்குத் தெரிகிற குதிரைகள்தான் குறைவு: கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு வருபவை, ரேக்ளா பந்தயத்துக்கு வளர்ப்பவை, ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போய் ஆசைப்பட்டு வாங்கி வந்து தோட்டத்தில் கட்டியிருப்பவை. இந்தக் கடைசி வகைதான் எனக்குக் கவலை தருகிறது. மார்வாரியோ கத்தியவாரியோ, பணத்தை எண்ணிக் கொடுத்து வாங்கிவிடுகிறார்கள். அதற்கு என்ன போடுவது என்பதை மாடு வளர்த்த அனுபவத்திலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். மாட்டு அனுபவம் குதிரையிடம் செல்லாது. ஏன் செல்லாது என்பதுதான் இந்த அத்தியாயம்.

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ‘ஈக்வைன் சயின்ஸ்’ என்று குதிரை அறிவியலை விருப்பப் பாடமாக எடுக்கலாம். அங்கே வேளாண் மாணவர் அமைப்பு நடத்தும் போட்டி ஒன்றும் உண்டு. நான்கு குதிரைகளைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். மாணவர் அவற்றைத் தரவரிசைப்படுத்த வேண்டும். அதோடு விடமாட்டார்கள், ஏன் அப்படி வரிசைப்படுத்தினாய் என்று நடுவர் முன்னால் நின்று வாயால் காரணம் சொல்லவும் வேண்டும். நம் மேல்நிலைப் பள்ளிகளின் தொழிற்கல்விப் பிரிவில் வேளாண்மை இருக்கிறது. அதில் ஒரு பாடவேளையைக் குதிரைக்குக் கொடுத்தால் எங்கிருந்து தொடங்கலாம்? குளம்பிலிருந்து என்பார்கள் சிலர். நான் வயிற்றிலிருந்து என்பேன். அதற்கு எழுநூறு வருடத்துச் சாட்சி இருக்கிறது.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, காயல் துறைமுகத்தில் ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைக் கப்பல்கள் வந்து இறங்குவதை எழுதியிருக்கிறார். மன்னர்கள் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்குகிறார்கள், வருடம் திரும்புவதற்குள் பெரும்பாலானவை செத்துப்போகின்றன, மறு வருடம் திரும்பவும் வாங்குகிறார்கள் என்கிறார். குதிரை வைத்தியம் தெரிந்தவர் யாரும் இங்கே இல்லை. விற்கிற வணிகர்கள் அப்படிப்பட்டவர்களை இங்கே வரவிடுவதும் இல்லை, குதிரைகள் சாகச் சாகத்தானே வியாபாரம் நடக்கும் என்பது அவர் சொல்லும் காரணம். இறைச்சியோடு வேகவைத்த சோற்றைக் குதிரைக்குப் போடுகிறார்கள் என்றும் எழுதுகிறார். 1300-ஐ ஒட்டி எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் இன்னும் விவரமாகச் சொல்கிறார்: பச்சை வாற்கோதுமைக்குப் பதில் வறுத்த வாற்கோதுமையும் நெய் கலந்த தானியமும், குடிக்கக் காய்ச்சிய பசும்பால், கொழுக்க வேண்டும் என்பதற்காக நாற்பது நாள் கயிற்றாலும் முளையாலும் கட்டிப்போடுவது, பிறகு பழக்காமலேயே ஏறி விரட்டுவது. கொஞ்ச நாளிலேயே வேகமும் பலமும் போய்க் குதிரை உதவாக்கரையாகிவிடும் என்று முடிக்கிறார்.

இரண்டு பேரும் வெளியூர்க்காரர்கள். வெளியூர்க்காரர்கள் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள். குதிரை வைத்தியமே இந்த நாட்டில் இல்லை என்பதும் சரியல்ல. சாலிஹோத்திரர், நகுலன் பெயர்களில் அசுவ சாத்திரங்கள் இருந்தன. நகுலன் பெயரிலான சுவடியைத் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் 1952இல் வண்ணப் படங்களோடு பதிப்பித்தது. சாத்திரம் அரண்மனைச் சுவடியில் இருந்தது. தீனி போடுகிற ஆளின் கைக்கு அது வந்ததா என்பது வேறு கேள்வி. அதிலும் வஸ்ஸாப் தரும் தீனிப் பட்டியலை இன்றைய கால்நடை மருத்துவர் ஒருவரிடம் காட்டினால், நோயின் பெயரை உடனே சொல்லிவிடுவார்.

மாடு அவசர அவசரமாகத் தின்னும். பிறகு நிழலில் படுத்து அசைபோடும். அதற்கு நான்கு அறை வயிறு. முதல் அறையிலேயே கோடானுகோடி நுண்ணுயிர்கள் வைக்கோலை உடைத்துவிடும். குதிரைக்கு ஒரே வயிறு, அதுவும் 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். அந்த உடம்புக்கு இது மிகச் சிறியது. அதனால்தான் விட்டால் ஒரு நாளில் 16 மணி நேரம் வரை கொஞ்சம் கொஞ்சமாக மேய்ந்துகொண்டே இருக்கும். அதன் இரைப்பை அமிலத்தை நிறுத்தாமல் சுரந்துகொண்டிருக்கிறது. அமிலத்தை அடக்கும் உமிழ்நீரோ மெல்லும்போது மட்டும்தான் ஊறும். இரண்டு வேளை தீனி வைத்துவிட்டு இடையில் வெறும் தொட்டி முன்னால் கட்டிவைத்தால் வயிற்றுப்புண் வருவது இதனால்தான்.

இரைப்பையைத் தாண்டினால் ஏறத்தாழ 20 மீட்டர் நீளச் சிறுகுடல். மாவுச்சத்தும் புரதமும் கொழுப்பும் இங்கே செரித்து ரத்தத்தில் கலக்கும். நார் மட்டும் செரிக்காமல் அதன் பின்னால் இருக்கும் சீக்கம் என்ற பெரிய பைக்கும் பெருங்குடலுக்கும் போகும். குதிரையின் நுண்ணுயிர்கள் குடியிருப்பது அங்கேதான். வீட்டுப் பின்கட்டில் இருக்கிற சாண எரிவாயுக் கலனை நினைத்துக்கொள்ளலாம்: தினமும் ஒரே மாதிரிக் கரைசல் ஊற்றுகிறவரை ஒழுங்காக வாயு தரும்; ஒருநாள் பழைய சோற்றையும் வடிகஞ்சியையும் கொண்டுபோய்க் கொட்டினால் புளித்து நின்றுவிடும். குதிரையின் பின்குடலும் அப்படித்தான். புல்லும் வைக்கோலும் போனால் நுண்ணுயிர்கள் அதை அசிட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் அமிலங்களாக மாற்றித் தரும். மேய்ச்சலில் வாழும் குதிரைக்குத் தேவையான ஆற்றலில் பாதிக்கு மேல் இப்படித்தான் கிடைக்கிறது.

ஒரு வேளைக்கு அளவுக்கு மீறித் தானியம் போட்டால் சிறுகுடலால் எல்லா மாவுச்சத்தையும் செரிக்க முடியாது. மிச்சம் பின்குடலுக்கு வழியும். மாவைக் கண்டதும் லாக்டிக் அமிலம் தயாரிக்கும் பாக்டீரியாக்கள் பெருகிவிடும். குடல் புளிக்கும், நார் செரிக்கும் நுண்ணுயிர்கள் சாகும், செத்தவற்றின் உடலிலிருந்து வெளிப்படும் நச்சுகள் குடல்சுவரைத் தாண்டி ரத்தத்தில் கலக்கும். அடுத்த அடி விழுவது, யாரும் எதிர்பாராத இடமான குளம்பில்.

குதிரை நிற்பது ஒற்றை விரலில், அதாவது நம் நடுவிரலுக்கு ஈடான விரலில். அந்த விரலின் கடைசி எலும்பு குளம்புக் கூட்டுக்குள் தரையைத் தொடாமல் தொங்கிக்கொண்டிருக்கிறது. சுமார் 550 முதல் 600 மெல்லிய தகடுகள் அதைக் குளம்புச் சுவரோடு பிடித்துவைத்திருக்கின்றன. முந்நூறு கிலோ எடையும் அந்தத் தகடுகளின் பிடியில்தான் நிற்கிறது. குடலில் தொடங்கிய கோளாறு இந்தத் தகடுகளில் அழற்சியை உண்டாக்கிப் பிடியைத் தளர்த்திவிடும். அப்போது எலும்பு உள்ளே சுழன்று கீழே இறங்கும். முற்றினால் உள்ளங்குளம்பைத் துளைத்துக்கொண்டுகூட வெளியே வரும். லாமினைட்டிஸ் என்ற நோய் இது. ஆய்வுக்கூடத்தில் மாவுச்சத்தை மிகையாகச் செலுத்தியே இதை வரவழைத்துக் காட்டியிருக்கிறார்கள். முன்னங்கால்களை முன்னே நீட்டி, எடையைப் பின்னுக்குச் சாய்த்துக் குதிரை நின்றால், குளம்பைத் தொட்டுப் பார்த்தால் சூடாக இருந்தால், கணுவுக்குக் கீழே நாடி தெறித்தால், மருத்துவரைக் கூப்பிடத் தாமதிக்கக்கூடாது. நாற்பது நாள் கட்டிப்போட்டு, நெய் கலந்த தானியம் போட்டு, பிறகு விரட்டிய குதிரைகளில் எத்தனைக்கு இந்த நோய் வந்ததோ! எலும்புக்கூடு கையில் இல்லாமல் தீர்ப்புச் சொல்ல முடியாது. சந்தேகப்பட மட்டும் நிறைய இடமிருக்கிறது.

மார்க்கோ போலோ சொன்ன இன்னொரு விஷயம் எனக்கு இதைவிடச் சுவையானது. நல்ல பெட்டைக்கு நல்ல பொலிகுதிரையைச் சேர்த்தாலும் இந்த நாட்டில் கால் கோணிய சின்னக் குட்டிதான் பிறக்கிறது, சவாரிக்கு ஆகாது என்கிறார். தட்பவெப்பத்தின் மேல் பழியைப் போட்டவர்கள் உண்டு. தீனித்தொட்டிக்குள் பார்த்தால் வேறொரு காரணம் தெரிகிறது. குதிரையின் தீனியில் சுண்ணாம்புச்சத்து பாஸ்பரஸை விடக் கூடுதலாக, ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இருப்பது நல்லது. அரிசித் தவிட்டில் தலைகீழ்: பாஸ்பரஸ் சுண்ணாம்பைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். தவிட்டையும் தானியத்தையும் அள்ளிப்போட்டால், குறைகிற சுண்ணாம்பை உடம்பு எலும்பிலிருந்து உருவி எடுத்துக்கொள்ளும். எலும்பு மெலியும், முகஎலும்பு வீங்கும், கால் நொண்டும். ஐரோப்பாவில் மாவுமில்காரர்களின் குதிரைகளுக்கு அடிக்கடி வந்ததால் இதற்கு ‘மில்காரர் நோய்’ என்றே ஒரு பெயர் உண்டு.

தவிடு போடாமல் பச்சைப்புல்லே போட்டாலும் தப்பிக்க முடியாத ஒரு சிக்கல் நம் மண்ணில் இருக்கிறது. கொங்கு மேய்ச்சல் காட்டின் பெருமை கொழுக்கட்டைப் புல். தோட்டத்துப் பாத்திகளில் வளர்வது கம்பு-நேப்பியர். இரண்டிலும் ஆக்சலேட் இருக்கிறது. அது சுண்ணாம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். மாட்டுக்கு இது பெரிய தொல்லையில்லை. முதல் வயிற்றிலேயே நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டை உடைத்துச் சுண்ணாம்பை விடுவித்துவிடும், பின்னால் குடல் அதை உறிஞ்சிக்கொள்ளும். குதிரைக்கு வரிசை மாறிக் கிடக்கிறது. சுண்ணாம்பை உறிஞ்சுவது சிறுகுடல். ஆக்சலேட்டை உடைக்கும் நுண்ணுயிர்கள் இருப்பது அதற்குப் பின்னால். விடுதலை கிடைக்கும்போது உறிஞ்சும் இடம் தாண்டிப் போயிருக்கும். காங்கேயம் காளையை மதர்க்க வைக்கிற அதே புல் குதிரையின் எலும்பைக் கரைப்பது இப்படித்தான். நேப்பியரை மட்டுமே நம்பாமல் குதிரைமசாலையும் கலந்து கொடுத்து, மருத்துவர் சொல்லும் அளவில் தாது உப்பும் சேர்த்தால் இதைச் சமாளிக்கலாம். குதிரைமசாலில் சுண்ணாம்பு தாராளம்.

கொள்ளைப் பற்றிக் கேட்பீர்கள். கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் மூடிக்கொள்ளும் என்று குதிரையை வைத்து மனிதரைத் திட்டுகிற ஊர் நம்முடையது. கொள்ளில் புரதம் நூற்றுக்கு இருபதுக்கு மேல் இருக்கிறது, நல்ல தீனிதான். பச்சையாகப் போட்டால் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருட்களும் கூடவே போகும். ஊறவைத்து வேகவைக்கும் நம் வழக்கம் அவற்றைப் பெருமளவு அழித்துவிடுகிறது. ஆக, வேகவைத்தது தப்பில்லை, அளவுதான் தப்பு. மாவுச்சத்து எதுவானாலும் ஒரு வேளைக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 2 கிராமுக்குள் நிறுத்திக்கொள்ளச் சொல்கிறார்கள். முந்நூறு கிலோ குதிரைக்கு அது அரைக் கிலோவை ஒட்டித்தான் வரும். மக்காச்சோளமாகப் போட்டால் ஒரு கிலோவுக்குள் அடங்கிவிடும். ஒரு வாளி மக்காச்சோளம் வைப்பது பாசமல்ல, வினை. புல்லும் வைக்கோலுமோ உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு, நாள் முழுக்கப் பரவலாக வேண்டும்.

எடையை எப்படித் தெரிந்துகொள்வது? லாரி எடைமேடைக்கெல்லாம் போக வேண்டாம். தையல்காரர் நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி ஓர் அளவு, தோள் முனையிலிருந்து பிட்டத்தின் முனைவரை ஓர் அளவு, இரண்டும் சென்டிமீட்டரில். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். சுற்றளவு 160, நீளம் 140 என்றால் ஏறத்தாழ 302 கிலோ. கணக்கு வாத்தியாரும் இந்தப் பாடவேளையில் பங்கு கேட்பார்.

குதிரை மெலிந்திருக்கிறதா, கொழுத்திருக்கிறதா என்பதற்கும் அளவுகோல் உண்டு. 1983இல் டான் ஹெனெக்கி என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுத்த 1 முதல் 9 வரையிலான மதிப்பெண் முறை உலகம் முழுக்கப் பழக்கத்தில் இருக்கிறது. கழுத்து, திமில்மேடு, தோளின் பின்புறம், விலா, முதுகு, வால்மூட்டு ஆகிய ஆறு இடங்களைப் பார்த்து, கையாலும் தடவிப் பார்க்க வேண்டும். விலா கண்ணுக்குத் தெரியாமல், தடவினால் எளிதில் கைக்குத் தட்டுப்பட்டால் 5. அதுதான் நல்ல நடுநிலை. கண்ணை மட்டும் நம்பினால் குளிர்கால ரோமமும் தொங்கும் வயிறும் ஏமாற்றிவிடும்.

பல் பார்ப்பதை மட்டும் நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். புதன்சந்தை மாட்டுச் சந்தைக்குத் தாத்தாவோடு போய் வந்தவர்களுக்கு ரெண்டு பல்லு, நாலு பல்லு, ஆறு பல்லு, கடை சேர்ந்தது என்ற கணக்கு அத்துப்படி. குதிரையில் அதே கணக்கு கொஞ்சம் மாறும். மாட்டுக்குக் கீழ்த்தாடையில் மட்டும் எட்டு வெட்டுப்பல். குதிரைக்கு மேலும் கீழும் ஆறாறு. நடு ஜோடிப் பால்பல் இரண்டரை வயதில் விழுந்து நிலைப்பல் முளைக்கும், அடுத்த ஜோடி மூன்றரையில், ஓர ஜோடி நாலரையில். ஐந்து வயதில் வாய் நிறைந்துவிடும். வெட்டுப்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவில் பல்லே இல்லாத ஈறு உண்டு. கடிவாளம் உட்காருவது அங்கேதான். கடைவாய்ப்பற்கள் தேயத் தேய வருடத்துக்கு 2, 3 மில்லிமீட்டர் மேலே ஏறிக்கொண்டே இருக்கும். மேல்தாடை கீழ்த்தாடையை விட அகலம் என்பதால் ஓரம் தேயாமல் கூராகி, கன்னத்தைக் கிழிக்கும். தின்னும்போது புல்லைப் பாதி மென்று உருண்டையாகத் துப்புகிற குதிரைக்கு அரம் போட்டுப் பல் ராவ ஆள் வேண்டும்.

இனி, புதுச்சத்திரத்துக்கென்றே இருக்கிற ஓர் ஆபத்து. டெக்சஸ் பாடத்தைவிட இங்கே இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது கோழிப் பண்ணைகளின் நாடு. கோழிக்கு வரும் ரத்தக்கழிச்சலைத் தடுக்கக் கறிக்கோழித் தீவனத்திலும் வளரும் குஞ்சுகளின் தீவனத்திலும் மொனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்துகளைக் கலப்பது வழக்கம். டன்னுக்கு 100 கிராமை ஒட்டிச் சேர்ப்பார்கள். கோழி இதைத் தாங்கும். மாடும் ஓரளவு தாங்கும். குதிரைக்கு மட்டும் இது எமன். கோழிக்கு மரணம் விளைவிக்கும் மொனென்சின் அளவு கிலோ எடைக்கு ஏறத்தாழ 200 மில்லிகிராம். குதிரைக்கு 2, 3 மில்லிகிராமே போதும். செல்லின் சவ்வு வழியாகச் சோடியத்தை உள்ளே கடத்தும் வேதிப்பொருள் இது. அதைத் தொடர்ந்து சுண்ணாம்பும் பெருகி இதயத் தசை சிதையும். முந்நூறு கிலோ குதிரைக்கு 600 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், அது ஆறு கிலோ தீவனத்தில் இருக்கிறது. மூட்டை அவிழ்ந்து கிடந்தால் குதிரை அதை ஒரு ராத்திரியில் தின்றுவிடும். முறிவு மருந்து கிடையாது. பிழைத்துக்கொண்டதும் தேறிவிட்டது என்று சொல்ல முடியாது. இதயம் பழுதான குதிரை மாதங்கள் கழித்து ஓடும்போது விழுந்து சாகும். ‘ஒரு கை கோழித்தீவனம் போட்டால் மினுமினுப்பாகும்’ என்று யாராவது யோசனை சொன்னால் கேட்கக்கூடாது. கோழித்தீவனம் அரைத்த மிக்ஸரைக் கழுவாமல் அதிலேயே குதிரைக்கு அரைத்து வாங்குவதும் அதே ஆபத்துதான்.

1985இல் தொடங்கிய நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இந்தப் பக்கத்துக்குக் கிடைத்த பெரும் வசதி. அங்கே கொண்டுபோவதற்கோ மருத்துவர் வருவதற்கோ முன்னால், பக்கத்தில் நிற்கிறவர் செய்ய வேண்டியவை கொஞ்சம் இருக்கின்றன. குதிரைக்குக் கோலிக் என்னும் வயிற்றுவலி வந்தால் காலால் நிலத்தைக் கீறும், திரும்பித் திரும்பி விலாவைப் பார்க்கும், உதட்டைச் சுருட்டும், படுத்துப் புரளும். உடனே தீனியை எடுத்துவிட வேண்டும். தாடைக்கு அடியில் ஓடும் நாடியை விரலால் பிடித்து எண்ண வேண்டும். சும்மா நிற்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை. அறுபதைத் தாண்டினால் நிலைமை மோசம். இரண்டு விலாவுக்குப் பின்னாலும் காதை வைத்தால் குடல் உருளும் சத்தம் கேட்க வேண்டும்; ஒன்றுமே கேட்காவிட்டால் அதையும் எழுதிக்கொள்ள வேண்டும். ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும். கடைசியாக எப்போது சாணி போட்டது, என்ன தின்றது? மருத்துவர் வந்ததும் கேட்கிற முதல் கேள்விகள் இவை.

செய்யக்கூடாதது ஒன்று உண்டு: மாட்டுக்குக் கொட்டத்தில் புகட்டுவது போலத் தலையைத் தூக்கிப் பிடித்து விளக்கெண்ணெய் ஊற்றுவது. அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. இரைப்பையின் வாயில் இருக்கும் தசைவளையம் அவ்வளவு பலமானது, உணவுக்குழாய் வந்து சேரும் கோணமும் அப்படி. உள்ளே போனது திரும்ப வழியில்லாததால் வாயுவும் நீரும் சேர்ந்து இரைப்பை வெடித்தே விடலாம். அதனால் மருத்துவர் மூக்கு வழியாக நீண்ட குழாயை இரைப்பைவரை செலுத்துவார். கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் குழாயை நிரப்பி, மறுமுனையைச் சட்டென்று தாழ்த்தினால் உள்ளே தேங்கியது தானாக வழியத் தொடங்கும். சைஃபன் விதி அது. குழாய் முனை குதிரையின் வயிற்றை விடத் தாழ இருக்க வேண்டும், வழிவது எத்தனை லிட்டர் என்று அளக்கவும் வேண்டும். அதற்கு வாளியோடு ஓர் ஆள் தேவை. பதினோராம் வகுப்புப் பிள்ளை போதும்.